‘விபிசி’ என்று அறிக்கையில் வந்தால்: இடையில் தப்பும் இதயத் துடிப்பு பற்றி ஒரு விளக்கம்

இரவில் இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டதுபோல இருக்கிறது. ஒரு கணம் துடிப்பே நின்றுவிட்டது போன்ற வெறுமை. அடுத்த கணம் உள்ளிருந்து யாரோ குத்தியதுபோல ஓர் இடி, தொண்டை வரை வந்துபோகிறது. பிறகு எல்லாம் பழையபடி ஓடுகிறது. நாளுக்குப் பத்து முறையோ, ஒரே மணி நேரத்தில் நூறு முறையோ இப்படி உணர்கிறவர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். ஈசிஜி, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் என்று வரிசையாகச் சோதனைகள் நடக்கின்றன. அறிக்கையில் ‘அடிக்கடி விபிசி’ என்று ஒரு வரியும், பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்றும் வருகின்றன. மருத்துவரோ, “ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆயிரக்கணக்கில் எண் இருக்கும்போது அது எப்படி ‘ஒன்றுமில்லை’ ஆகும் என்ற கேள்வியோடுதான் பலரும் வீடு திரும்புகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வேர், தனித்தனியான இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில் இருக்கிறது. இது உயிருக்கு ஆபத்தா என்பது ஒன்று. இது தாங்க முடியாத தொல்லையா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது கேள்வி தானாக மறைந்துவிடுவதில்லை. ‘ஆபத்தில்லை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும்போது, உண்மையாகவே உணரப்படும் ஒன்றை நோயாளியின் கற்பனையாக்கிவிடுகிறோம்.

இயல்பான துடிப்பு எங்கே பிறக்கிறது?

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு திசுக்கற்றை இருக்கிறது. சைனஸ் கணு என்று அதற்குப் பெயர். 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இரு பிரித்தானியர்கள் அதை அடையாளம் கண்டார்கள். யாரும் தூண்டாமலே, தானாக மின்துடிப்பை எழுப்புவது அதன் இயல்பு. அங்கே எழும் மின் அலை முதலில் மேலறைகளைச் சுருங்கச் செய்து, நடுவிலுள்ள இன்னொரு கணுவில் ஒரு நொடியின் சிறு பகுதியளவு தாமதித்து, பிறகு கீழறைகளுக்குள் பரவுகிறது. அந்தத் தாமதத்துக்குள் மேலறை தன்னிடமுள்ள இரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளி முடித்துவிடும். ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு என்பது வழக்கமான அளவு. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு லட்சம்.

இந்த ஒரு லட்சம் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஹோல்டர் அறிக்கையில் வரும் எந்த எண்ணையும் அதற்கு எதிரே வைத்துத்தான் எடைபோட முடியும்.

இடையில் நுழையும் துடிப்பு

தானாகத் துடிக்கும் திறன் சைனஸ் கணுவுக்கு மட்டும் உரியதில்லை. இதயத்தின் வேறு பல இடங்களில் உள்ள செல்களும் வாய்ப்புக் கிடைத்தால் மின்துடிப்பை எழுப்பும். அப்படி முறை தவறி, தன் நேரத்துக்கு முன்பே எழும் துடிப்பைத்தான் மருத்துவர்கள் ‘எக்டாபிக்’ என்கிறார்கள். அது கீழறையில் பிறந்தால் விபிசி. மேலறையில் பிறந்தால் ஏபிசி. சில அறிக்கைகளில் விபிசியைப் பிவிசி, விஇ என்றும், ஏபிசியைப் பிஏசி என்றும் எழுதியிருக்கும். பெயர்தான் வேறு; பொருள் அதேதான்.

அந்த ஒரு கணத்தில் நடப்பது இது:

1. கீழறை இரத்தத்தால் நிரம்பி முடிப்பதற்கு முன்பே எக்டாபிக் துடிப்பு வந்துவிடுகிறது. பாதி நிரம்பிய அறை சுருங்குவதால் வெளியேறும் இரத்தம் குறைவு. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் அந்தத் துடிப்பு மங்கலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது.

2. அடுத்து வழக்கப்படி வர வேண்டிய துடிப்பின் மின் அலை கீழறையை எட்டும்போது, தசை இன்னும் முந்தைய சுருக்கத்திலிருந்து மீளாமல் இருக்கிறது. ஆகவே அந்த முறை வீணாகி, ஓர் இடைவெளி விழுகிறது. ‘நின்றுவிட்டது’ என்று தோன்றுவது இந்த இடைவெளிதான்.

3. இடைவெளி நீளும்போது கீழறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்புகிறது. தசைச் செல்களுக்குள் சுண்ணாம்புச்சத்தின் இருப்பும் கூடுகிறது. அதனால் அடுத்து வரும் இயல்பான துடிப்பு வழக்கத்தைவிட வலுவாக விழுகிறது.

ஆக, நெஞ்சில் இடிபோல விழுவது பெரும்பாலும் கெட்ட துடிப்பு இல்லை. அதற்கு அடுத்து வரும் நல்ல துடிப்புதான். இதைப் புரிந்துகொண்ட பலருக்கு அந்த இடியின் மீதான அச்சம் பாதியாகக் குறைகிறது. படுத்தால், அதுவும் இடப்பக்கம் படுத்தால், அதிகம் தெரிவதற்கும் காரணம் எளியதே: இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருகிறது, சுற்றிலும் சத்தம் ஓய்ந்திருக்கிறது, துடிப்பு வேகம் தணிந்து இடைவெளிகள் நீள்கின்றன.

வீட்டுக் கருவிகள் காட்டும் பொய் எண்கள்

ஒன்றுவிட்டு ஒன்று எக்டாபிக்காக வரும் நிலைக்குப் பைஜெமினி என்று பெயர். அந்த நேரத்தில் விரல்நுனி ஆக்சிமீட்டரையோ பிபி மெஷினையோ மாட்டினால் திரையில் 38 அல்லது 40 என்று நாடித்துடிப்பு வரும். வீடே கலவரமாகிவிடும். உண்மையில் இதயம் 76 முறையோ 80 முறையோ சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது; பாதித் துடிப்புகள் கைவரை எட்டும் வலுவில்லாமல் போவதால் கருவி அவற்றை எண்ணுவதில்லை. கருவியை நம்புவதைவிட, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் மணிக்கட்டில், கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே வைத்து ஒரு முழு நிமிடம் பார்ப்பது கூடுதலாகச் சொல்லும். சீராக ஓடி அவ்வப்போது ஒன்று தப்பினால் அது எக்டாபிக் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். எந்த இரு துடிப்புக்கும் இடையே ஒரே அளவு இல்லாமல், ஒழுங்கே பிடிபடாமல் ஓடினால் அது வேறு விஷயம், கீழே வருகிறது.

சாதாரண ஈசிஜி காகிதத்தில் பதிவாவது பத்து நொடி மட்டுமே. அந்தப் பத்து நொடியில் தொல்லை வராவிட்டால் ‘நார்மல்’ என்றுதான் வரும். அதனால்தான் ஹோல்டர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் என்ற ஆய்வாளரின் பெயர் அது. நடமாடிக்கொண்டே ஈசிஜி பதியும் முறையை அவர் 1961இல் விளக்கி எழுதினார். ஹோல்டர் மாட்டும் நாளில் முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை அணிவதும், முன்கூட்டியே குளித்துவிடுவதும், உடம்பில் எண்ணெயும் பவுடரும் பூசாமல் போவதும் நல்லது. வியர்வையில் ஒட்டு கழன்றால் பதிவில் கிறுக்கல்கள் விழுந்து, இல்லாத கோளாறு இருப்பதுபோலத் தோன்றும். எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த மணிக்கு என்ன உணர்ந்தோம் என்பதை எழுதி வைப்பது. உணர்ந்த நேரமும் பதிவும் பொருந்துகிறதா என்பதுதான் ஹோல்டரின் உண்மையான பயன். அந்தக் குறிப்பு இல்லாமல் கிடைக்கும் அறிக்கை வெறும் எண்ணிக்கை.

எண்ணைப் படிப்பது எப்படி?

மொத்தத் துடிப்பு 98,000, விபிசி 4,900 என்று அறிக்கை சொல்வதாகக் கொள்வோம். வகுத்தால் 5 சதவீதம். இந்தச் சதவீதத்தைத்தான் மருத்துவர்கள் ‘பர்டன்’, அதாவது எக்டாபிக் சுமை என்கிறார்கள். இதயம் வேறு வகையில் நலமாக உள்ளவர்களிடமும் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தால் சில விபிசிகளாவது தென்படுவது மிகச் சாதாரணம்.

சுமை மிக அதிகமாக, நீண்ட காலம் தொடர்ந்தால் கீழறை தளர்ந்து விரியக்கூடும். 10 சதவீதத்துக்குக் கீழே அது அரிது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தளர்ச்சி கண்டவர்களையும் காணாதவர்களையும் நன்றாகப் பிரித்துக் காட்டிய கோடு 24 சதவீதத்தில் விழுந்தது. 10க்கு மேல் போனவர்களுக்கு எக்கோவைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பப் பார்ப்பது இதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எக்டாபிக் எண்ணிக்கை நாளுக்கு நாள் தானாகவே பெரிதும் ஏறி இறங்கும். ஒரு நாள் பதிவை இன்னொரு நாள் பதிவோடு ஒப்பிட்டு, மருந்தால்தான் குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும் என்று 1978லேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். ‘இந்தப் பொடியைத் தின்றேன், பாதியாகிவிட்டது’ என்ற சாட்சியங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எப்போது ஆபத்து?

எக்டாபிக்கின் எண்ணிக்கையைவிட, அது எந்த இதயத்தில் வருகிறது என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. பின்வருவனவற்றில் ஏதேனும் இருந்தால் இதய மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்:

1. படபடப்போடு மயங்கி விழுதல், அல்லது கண் இருண்டு விழப்போதல்.

2. ஓடும்போதோ மாடி ஏறும்போதோ தப்புத் துடிப்பு அதிகமாவது. நலமான இதயத்தில் உழைப்பு கூடும்போது எக்டாபிக்குகள் பெரும்பாலும் மறைந்துவிடும். டிரெட்மில் சோதனை சொல்வதில் இதுவும் ஒன்று.

3. பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய இரத்த உறவில் இளவயதில் திடீர் மரணம்.

4. முன்பே மாரடைப்பு வந்திருத்தல், எக்கோவில் பம்ப் செய்யும் திறன் குறைந்திருத்தல், வால்வுக் கோளாறு.

5. ஹோல்டரில் மூன்றோ அதற்கு மேலோ விபிசிகள் அடுத்தடுத்து வேகமாக வந்திருத்தல்.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை சேர்ந்தால் அது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது. வாயு என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டிய நிலை அது.

அடக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை உடைந்த வரலாறு

“ஆயிரக்கணக்கில் வருகிறதே, மருந்து கொடுத்து நிறுத்திவிடக் கூடாதா?” என்று கேட்கிறவர்களுக்கு, மருத்துவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கான விடை 1980களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த ‘காஸ்ட்’ என்ற ஆய்வில் இருக்கிறது. மாரடைப்புக்குப் பின் விபிசி அதிகம் உள்ளவர்கள் திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது அப்போதே தெரியும். ஆகவே விபிசியை அடக்கினால் மரணம் குறையும் என்று எல்லோரும் நம்பினார்கள். என்கைனைடு, ஃபிளெக்கைனைடு என்ற மருந்துகள் விபிசியை மிக நன்றாக அடக்கின. அப்படி அடங்கியது என்று முதலில் உறுதி செய்யப்பட்டவர்களையே இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மறு குழுவுக்கு வெற்று மாத்திரையும் தந்தார்கள். சராசரியாகப் பத்து மாதத்தில், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். 1989இல் அந்த இரு மருந்துகளின் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது.

ஈசிஜி அழகானது, நோயாளி இறந்தார். சேதமடைந்த தசையில் அந்த மருந்துகளே புதிய, கொடிய சீர்கேட்டைத் தூண்டின. தப்புத் துடிப்பு நோயின் அடையாளமாக இருந்ததே தவிர, அதைத் துடைத்ததால் நோய் துடைபடவில்லை. (ஃபிளெக்கைனைடு இன்றும் பயன்படுகிறது, அமைப்பில் கோளாறு இல்லாத இதயத்துக்கு மட்டும்.) ஆபத்தில்லாத எக்டாபிக்குக்கு மருந்து எழுதாமல் அனுப்பும் மருத்துவர் அலட்சியம் காட்டுகிறார் என்று எப்போதும் சொல்ல முடியாது, அவர் இந்தப் பாடத்தைப் படித்தவர். ஆனால் அந்தக் காரணத்தை நோயாளியிடம் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டியதும் அவர் கடமையே.

தூண்டுபவை எவை?

முதலில் தேட வேண்டியவை மருத்துவரீதியான காரணங்கள்: இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு அல்லது தைராய்டு மாத்திரையின் அளவு கூடிப்போதல், பொட்டாசியம் அல்லது மக்னீசியம் குறைதல். நீர் பிரிய எடுக்கும் மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைக்கும். பலர் கவனிக்காத ஒன்று, காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஆண்டுக்கணக்காக விழுங்கும் பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமில மாத்திரைகள். நீண்ட காலம் தொடர்ந்தால் சிலருக்கு மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. மூக்கடைப்புக்கான மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் ஆகியவையும் இதயத்தை விரைவுபடுத்தும். மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போவது இதற்காகத்தான்.

காப்பி? எல்லோரும் முதலில் நிறுத்தச் சொல்வது அதைத்தான். கலிஃபோர்னியாவில் நலமான 100 பேரிடம் இரு வாரம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகிறது. காப்பி குடிக்கச் சொன்ன நாள்களில் விபிசி சராசரியாக 154. குடிக்காத நாள்களில் 102. மேலறை எக்டாபிக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. காப்பி நாள்களில் அவர்கள் ஆயிரம் அடிகள் கூடுதலாக நடந்தார்கள், அரை மணி நேரத்துக்கு மேல் குறைவாகத் தூங்கினார்கள். ஒரு லட்சத்தில் ஐம்பது என்பது அற்பம். எனினும் ஒவ்வொன்றையும் உணர்கிறவருக்கு அந்த ஐம்பதும் கணக்குத்தான். இரு வாரம் நிறுத்திப் பார்த்து, வேறுபாடு தெரியாவிட்டால் டிகிரி காப்பியைத் துறக்க வேண்டிய அவசியமில்லை. மது, தூக்கக் கேடு, காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல் ஆகியவற்றுக்கு இவ்வளவு சலுகை தர முடியாது.

வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும், குனிந்து எழும்போதும் பலருக்குத் துடிப்பு தப்புகிறது. வயிற்றுக்கும் இதயத்துக்கும் பொதுவாகப் போகும் வேகஸ் நரம்பின் வழியே ஒன்றின் நிலை மற்றொன்றில் எதிரொலிக்க முடியும். நம் வீடுகளில் இதை ‘வாயு’ என்று சொல்வதில் கவனிப்பின் உண்மை இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுவதும் சாப்பிட்டவுடன் படுக்காதிருப்பதும் உதவுகின்றன.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு

ஒன்று, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறைகள் சுருங்குவதற்குப் பதில் நடுங்குகின்றன; நாடி எந்த ஒழுங்கிலும் சேராது. இதன் பெரிய ஆபத்து படபடப்பில் இல்லை. தேங்கும் இரத்தம் மேலறையில் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றைக் கணக்கிட்டு இரத்தம் உறையாதிருக்க மருந்து தருவார்கள். படபடப்பு நின்றுவிட்டது என்று அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. சிறுவயது வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்குப் புதிய மாத்திரைகளைவிட, ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) பார்த்து எடுக்கும் பழைய வகை மாத்திரைகளே மேல் என்பதை 2022இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. அவற்றை எடுப்பவர் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் கீரையின் அளவு மாறாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, எஸ்விடி. சுவிட்சைப் போட்டதுபோலத் திடீரென நிமிடத்துக்கு 150க்கு மேல் ஓடி, அதேபோலத் திடீரென நிற்கும். 10 மி.லி. சிரிஞ்சின் உருளையை நகர்த்தப் பார்ப்பதுபோல 15 நொடி ஊதி, உடனே மல்லாந்து படுத்துக் கால்களை மற்றொருவர் 15 நொடி உயர்த்திப் பிடிக்கும் முறையால் 43 சதவீதத்தினருக்கு அது நின்றது என்று 2015இல் இங்கிலாந்தில் கண்டார்கள். படுக்காமல் ஊதியவர்களில் 17 சதவீதமே. நோய் இதுதான் என்று உறுதியான பிறகு, மருத்துவரிடம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய முறை இது.

அச்சமும் துடிப்பும் ஒன்றையொன்று வளர்ப்பது

திக்கென்றது, பக்கென்றது, பகீரென்றது, படபடவென்றது. தமிழில் அச்சத்துக்கு உள்ள சொற்கள் இதயத்தின் சத்தங்களாகவே இருக்கின்றன. அதனால் நெஞ்சு காரணமின்றித் திக்கென்றாலும் மனம் உடனே அச்சத்தைத் தேடிப் போகிறது. அச்சம் அட்ரினலினைச் சுரக்கிறது. அட்ரினலின் எக்டாபிக்கைத் தூண்டுகிறது. அடுத்த தப்புத் துடிப்பு முந்தைய அச்சத்துக்குச் சான்றாகிறது. கை தானாக நாடிக்குப் போகிறது. ஒருவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து நாடியை எண்ணத் தொடங்கினால், அந்த எண்ணுதலே அவரை விழிக்க வைத்துவிடும்.

இந்தச் சுழற்சியில் இரண்டு பழக்கங்களே அதிகம் கெடுக்கின்றன. நாளுக்குப் பலமுறை கருவியை மாட்டிப் பார்ப்பது ஒன்று. பயத்தில் நடைப்பயிற்சியை விட்டுவிடுவது மற்றொன்று; உடல் தளர்ந்தால் சிறு வேலைக்கே இதயம் வேகமெடுக்கும், படபடப்பு கூடும். சோதனைகள் தெளிவான பிறகு, நடப்பதைத் தொடர்வதே மருத்துவம். தப்புத் துடிப்பு வரும்போது எழுந்து நாலு அடி நடப்பதும், மூச்சை நீட்டி மெல்ல விடுவதும் பலருக்கு உதவுகின்றன. அச்சம் வாழ்க்கையை அடைத்துவிட்டால் மனநல ஆலோசனையை நாடுவதில் தயக்கம் வேண்டாம். அப்படிப் பரிந்துரைக்கும் மருத்துவர் நோயைப் பொய் என்று சொல்லவில்லை.

மருந்தும் அப்லேஷனும்

தொல்லை தாங்கவில்லை என்பது சிகிச்சை கேட்பதற்குப் போதிய காரணம். வழக்கமாக முதலில் தருவது மெட்டோபிரலால் போன்ற பீட்டா பிளாக்கர், அதாவது இதயத்தின் மீது அட்ரினலினின் தாக்கத்தைத் தணிக்கும் மருந்து. அது எண்ணிக்கையைக் கொஞ்சமே குறைக்கலாம்; ஆனால் இடியின் வலுவை மழுக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. சிலருக்கு வெராப்பமில் பொருந்தும்.

இவை பலிக்காமல் சுமையும் அதிகமாக இருந்தால் அப்லேஷன். தொடை இரத்தக்குழாயின் வழியே மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, தப்புத் துடிப்பு பிறக்கும் புள்ளியைத் தேடிச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் முறை. அமைப்பில் கோளாறில்லாத இதயத்தில் அந்தப் புள்ளி பெரும்பாலும் வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகும் வாயிலில் இருக்கிறது. எளிதில் எட்டக்கூடிய இடம் என்பதால் வெற்றி வாய்ப்பு அதிகம். இரத்தக் கசிவு, இதயச் சுவரில் துளை போன்ற அபாயங்கள் சிறு விகிதத்தினருக்கு உண்டு. ஒரு நாளில் இருநூறு எக்டாபிக் உள்ளவருக்கு இந்த அபாயத்தை ஏற்பது பொருத்தமில்லை; அந்த நாளில் புள்ளியே அகப்படாமலும் போகலாம். இருபதாயிரம் உள்ளவருக்குக் கணக்கே வேறு. அவ்வளவு சுமையால் கீழறை தளர்ந்துபோனவர்களில் பெரும்பாலோருக்கு, தப்புத் துடிப்பை நிறுத்திய சில மாதங்களில் எக்கோவில் பம்ப் திறன் மீண்டும் ஏறத் தொடங்குகிறது.